அவலரக்கு: பழைய மரச் சாமான்களுக்கு வீட்டிலேயே மெருகிட விரும்புவோருக்கு ஒரு மதிப்புரை

கடந்த சித்திரையிலிருந்து இந்தச் சித்திரை வரை, எங்கள் வீட்டுத் தேக்கு அலமாரி ஒன்றுக்கும், பிரம்பு பின்னிய ஈட்டிமரச் சாய்வு நாற்காலி ஒன்றுக்கும், பலாமரத்தில் செய்த எழுதுமேசை ஒன்றுக்கும் அவலரக்கை, அதாவது ஷெல்லாக் எனப்படும் அரக்குப் பிசினின் தட்டையான நொறுங்கல்களை, கரைத்து நானே மெருகிட்டேன். இதற்காக ஏறக்குறைய ஒரு கிலோ அவலரக்கு வாங்கினேன். பெயிண்டும் மரப்பூச்சும் விற்கும் கடைகளில், எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல், பிளாஸ்டிக் பையில் எடைபோட்டுத் தரப்படும் பொருள் இது. விளம்பரம் கிடையாது, வாங்குபவர்களும் பெரும்பாலும் வயதான பாலிஷ்காரர்களே. வீட்டில் இருப்பவர்கள் தாமே செய்துகொள்ளக்கூடிய வேலைக்கு இதைவிடப் பொருத்தமான மெருகு எனக்குத் தெரிந்து வேறில்லை என்பதால், அதன் நிறைகளையும் குறைகளையும் பட்டவாறே எழுதுகிறேன்.

அலமாரியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் என் தாத்தா வாங்கிய பர்மா தேக்கு அது. கதவுகளின் மேல் பகுதி இன்னும் பளபளப்பாக இருந்தது. கைபடும் இடங்கள் கறுத்தும், கீழ்ப் பகுதி வெளுத்தும் போயிருந்தன. பாலிஷ் செய்பவர் ஒருவரை அழைத்துக் காட்டியபோது, பழைய பூச்சு முழுவதையும் இயந்திரத்தால் தேய்த்தெடுத்துவிட்டுப் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சை அடித்துத் தருவதாகச் சொன்னார். அவர் நேர்மையாகவே சொன்னார். இன்றைக்கு வீடுகளில் நடப்பதும் அதுதான். ஆனால் இருப்பதைச் சுரண்டி எறிவதற்கு முன் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அலமாரியின் பின்பக்கத்திலோ கதவின் உள்விளிம்பிலோ, கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்தால், அரக்கு மெருகாக இருக்கும் பட்சத்தில் அந்த இடம் இளகிப் பிசுபிசுக்கும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பாலியூரிதேன், மெலமைன் போன்ற பிற்காலத்துப் பூச்சாகவே பெரும்பாலும் இருக்கும். எங்கள் அலமாரியில் வைத்த பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது. அதாவது, எண்பது ஆண்டுகளுக்கு முன் பூசிய அரக்கு இன்னமும் ஸ்பிரிட்டில் கரைகிறது. சுரண்ட வேண்டிய தேவையே இல்லை. அதே பொருளைக் கொண்டு அதையே இளக்கி, குறைந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். இந்த ஒரு குணத்துக்காகத்தான் அவலரக்கை வாங்கினேன்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புரசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் அரக்குப் பூச்சி தன் உடலைச் சுற்றிச் சுரக்கும் பிசினே அரக்கு. ஜார்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் காட்டுப் பகுதிகளில் இதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924ஆம் ஆண்டிலேயே அரக்குக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது என்றால் அக்காலத்தில் இதற்கிருந்த மதிப்பை உணரலாம். கிராமபோன் இசைத்தட்டுகள் செய்வதற்கும் இதுவே அடிப்படைப் பொருளாக இருந்தது. கிளையிலிருந்து சுரண்டி எடுத்ததை இடித்துக் கழுவி, நீளமான துணிப்பையில் அடைத்து, அடுப்பின் முன் காட்டி உருக்கிப் பிழிந்து, சூடாக இருக்கும்போதே கைகளாலும் கால்விரல்களாலும் பிடித்துத் தோல்போல் விரித்து, ஆறிய பிறகு நொறுக்குவது பழைய முறை. அந்த நொறுங்கல்கள் அவல் போல் தட்டையாக இருப்பதால்தான் நம்மிடம் அவலரக்கு என்று பெயர். கடையில் ஆரஞ்சு நிறம், எலுமிச்சை நிறம், மெழுகு நீக்கிய வெளிர் நிறம் என்று வகைகள் உண்டு. இயற்கையான அரக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை மெழுகு இருக்கிறது; கரைத்து வைத்தால் அது கலங்கலாகத் தெரியும், சில நாட்களில் அடியில் தங்கும். அலமாரிக்கு ஆரஞ்சு நிறத்தையும், மஞ்சள் சாயல் கெடாதிருக்க வேண்டிய பலாமர மேசைக்கு மெழுகு நீக்கிய வெளிர் வகையையும் பயன்படுத்தினேன். தேக்கின் மீது ஆரஞ்சு அரக்கு தரும் சூட்டை, அந்தத் தேன் நிறத்தை, வேறு எந்தப் பூச்சிலும் நான் பார்த்ததில்லை.

இப்பொருளின் முதல் குறை அதில் இல்லை, அதைக் கரைக்கும் திரவத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஸ்பிரிட்டை நினைத்த மாத்திரத்தில் கடையில் வாங்கிவிட முடியாது. குடிக்க முடியாதபடி மாற்றப்பட்ட ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், பிரெஞ்சு பாலிஷ் எனப்படும் வார்னிஷ் ஆகிய மூன்றையும் 1959ஆம் ஆண்டு விதிகள் உரிமத்தின் கீழ் கொண்டுவந்திருக்கின்றன. கள்ளச்சாராயத்தால் நேர்ந்த சாவுகளை நினைத்தால் அந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அதற்குப் பதிலாக 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்தினேன். அரக்கு அதில் கொஞ்சம் மெதுவாகக் கரையும். பூசியது உலரவும் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். பழகாத கைக்கு அந்தத் தாமதம் நன்மையே. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு வகையை மட்டும் வாங்கக் கூடாது. அதிலுள்ள தண்ணீர் மெருகை வெளுக்கச் செய்துவிடும். மெத்தில் ஆல்கஹால் கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு. ஆவியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் ஏறக்கூடியது என்பதால், கையில் கிடைத்தாலும் வீட்டு வேலைக்கு அதைத் தொட வேண்டாம்.

அளவு எளிதானது. ஒரு லிட்டருக்கு 120 கிராம் போட்டால் மெல்லிய கரைசல்; முதல் பூச்சுக்கும் கடைசி மெருகுக்கும் அதுவே போதும். 180 கிராம் போட்டால் நடுத்தரம். இதைவிடக் கெட்டியாகக் கரைத்தால் வேலை விரைவில் முடியும் என்று தோன்றும். உண்மையில் தூரிகைத் தடம் விழுந்து, அதைத் தேய்த்தெடுக்கவே இரு மடங்கு நேரம் போகும். அவலரக்கை அம்மியிலோ மிக்சியிலோ கொஞ்சம் உடைத்துப் போட்டு, கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, அவ்வப்போது குலுக்கிவிட்டால் ஓர் இரவில் கரைந்துவிடும். பிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். இரும்பு டப்பாவில் வைத்தால் கரைசல் கறுத்துப்போகும். கரைத்த தேதியைப் புட்டியின் மேல் எழுதி ஒட்டுவதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கரைசலில் அரக்கும் ஆல்கஹாலும் மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். ஆறு மாதங்களுக்கு மேல் ஆனதைப் பூசினால் அது முழுமையாக உலராமல் விரலில் ஒட்டும்.

இரண்டாவது குறை, வாங்கும் இடத்தில் நேர்வது. வைகாசி மாதம் ஒரு கடையில் வாங்கிய அரைக் கிலோ, பையைத் திறந்தபோதே கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் படும் அலமாரியில் பல மாதங்கள் கிடந்த சரக்கு அது என்று இப்போது தெரிகிறது, அன்று தெரியவில்லை. இரண்டு நாட்கள் ஊறியும் அடியில் கூழ் போன்ற ஒன்று கரையாமலே நின்றது. நல்ல அவலரக்கு ஒன்றோடொன்று ஒட்டாது, விரலால் மடித்தால் வளையாமல் படக்கென்று ஒடியும், ஒரு நாளில் மிச்சமின்றிக் கரையும். ஆகவே எந்தக் கடையில் வாங்கினாலும் முதலில் 50 கிராம் மட்டும் வாங்கிக் கரைத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். வாங்கியதைச் சமையலறையில் வைக்காமல், வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஓராண்டுக்கு மேல் கெடாது.

அலமாரி வேலைக்கு வருகிறேன். அழுக்கை எடுப்பதுதான் பாதி வேலை. எங்கள் வீட்டில் ஆண்டுக்கொரு முறை தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கும் பழக்கம் இருந்தது. பல வீடுகளிலும் உண்டு. தேங்காய் எண்ணெய் உலர்கிற எண்ணெய் அல்ல. அது மேலேயே தங்கி, தூசியைப் பிடித்துவைத்து, ஆண்டுகள் போகப் போகக் கறுப்பான பிசுக்காக மாறிவிடுகிறது. கைப்பிடியைச் சுற்றி இருந்த கறுப்பு, மரத்தின் நிறம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தோம். டர்பெண்டைனில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்ததும் அடியிலிருந்த அரக்கு மெருகு அப்படியே தெரிந்தது. சோப்புத் தண்ணீரோ சோடாவோ இதற்கு உதவாது. காரம் அரக்கைத் தின்றுவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களும் அதே காரணத்தால் ஆகாதவை.

பிறகு மெருகிடுதல். உள்ளே ஒரு உருண்டைப் பஞ்சு, வெளியே பலமுறை துவைத்து நைந்த எட்டு முழ வேட்டியின் துண்டு: இவ்வளவுதான் கருவி. கோழிமுட்டை அளவில், அடிப்பக்கம் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிய அந்தப் பொதிக்குள் மெல்லிய கரைசலை ஊற்றி, வெள்ளைத் தாளில் ஒருமுறை அழுத்திப் பார்த்தால் ஈரம் லேசாகப் பதிய வேண்டும், சொட்டக் கூடாது. அடியில் ஆளிவிதை எண்ணெய் ஒரு துளி தொட்டுக்கொண்டால் துணி பழைய மெருகில் ஒட்டாமல் வழுக்கும். மரத்தின் மேல் வைக்கும்போதும் எடுக்கும்போதும் கை நிற்கக் கூடாது. விமானம் இறங்கி ஓடி மீண்டும் எழுவதுபோல் விளிம்பிலிருந்து நுழைந்து விளிம்பில் வெளியேற வேண்டும். முதலில் சிறு வட்டங்கள், அடுத்து எட்டுப் போட்ட வடிவம், கடைசியில் மரத்தின் ரேகையோடு நீளவாட்டில். ஒரே இடத்தில் கை தங்கினால், அடியிலுள்ள பூச்சு இளகித் துணியோடு வந்துவிடும். முதல் கதவில் இரண்டு இடங்களில் எனக்கு அப்படி நேர்ந்தது. அங்கேதான் இந்தப் பொருளின் அருமை தெரிந்தது. கையை எடுத்துவிட்டு, மறுநாள் நன்றாக இறுகிய பிறகு 400ஆம் எண் உப்புத்தாளால் லேசாக வருடி, மீண்டும் இரண்டு மூன்று முறை பொதியை ஓட்டினேன். புதிய பூச்சு பழையதைக் கரைத்துக்கொண்டு அதனுள்ளேயே இறங்கிவிட்டது. எங்கே தவறு செய்தேன் என்று இப்போது எனக்கே காட்டத் தெரியாது. பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவே கோடோ விளிம்போ விழாமல் எல்லாம் ஒன்றாகிவிடுவதால், புதிதாகக் கற்றுக்கொள்பவரின் பிழைகளை இவ்வளவு பொறுத்துக்கொள்ளும் மெருகு வேறில்லை.

நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்ற கணக்கில் இரண்டு கதவுகளுக்கும் ஒன்பது நாட்கள் ஆயின. தேக்கின் துளைகள் பெரியவை. அவற்றை முற்றிலும் நிரப்பிக் கண்ணாடிபோல் ஆக்க வேண்டும் என்றால் நுரைக்கல் (பியூமிஸ்) தூள் தூவித் தேய்க்கும் முறை உண்டு. நான் செய்யவில்லை. சீமைச் சுண்ணாம்பு மாவைக் குழைத்துத் துளைகளை அடைக்கும் வழக்கத்தைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். சில ஆண்டுகளில் அது வெள்ளைப் புள்ளிகளாக மேலே தெரியத் தொடங்கும். தேக்கு தேக்காகத் தெரிந்தால் போதும் என்பது என் எண்ணம்.

மழைக்காலத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஐப்பசியில் அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், பக்கவாட்டுப் பலகையை முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். பத்து நிமிடங்களில் பலகை முழுவதும் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிட்டது. ஆல்கஹால் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. அழுதுவிடலாம் போலிருந்தது. இரண்டு நாட்கள் கழித்து வெயில் வந்த முற்பகலில், வெறும் ஆல்கஹாலில் அரைகுறையாக நனைத்த பொதியை மேலோட்டமாக ஓட்டியதும் வெண்மை விலகி மரம் வெளியே வந்தது. ஆகவே வடகிழக்குப் பருவமழையின்போது இந்த வேலையைத் தொடவே வேண்டாம். தை முதல் ஆனி வரையிலான காலமே நல்லது. அதே மழைமாதங்களில் அலமாரிக் கதவு இறுகிக்கொண்டால் உடனே இழைப்புளியைத் தேடவும் வேண்டாம். மரம் ஈரத்தை உறிஞ்சி அகலவாட்டில் உப்பியிருக்கிறது. தையில் தானாகவே இளகிவிடும். மழையில் இழைத்த கதவு கோடையில் இடைவெளி விட்டு நிற்கும்.

எழுதுமேசையில்தான் அவலரக்கின் வரம்பு தெரிந்தது. சூடான காப்பியோடு எவர்சில்வர் டம்ளரை நேராக மேசையில் வைத்தால் வெள்ளை வளையம் விழும். இதில் விலக்கே இல்லை. தண்ணீர் சிந்தி அரை மணி நேரம் நின்றாலும் விழும். அரக்கு ஏறத்தாழ 70 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கிவிடுகிறது. எங்கள் மேசையில் ஓராண்டில் நான்கு வளையங்கள். நான்கையும் ஆல்கஹால் தொட்ட பொதியைச் சில முறை ஓட்டியே எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. ஆனால் நாள்தோறும் மூன்று வேளை சாப்பிடும் மேசையில் இந்த ஐந்து நிமிடங்களுக்கு யாருக்கும் பொறுமை இருக்காது. சாப்பாட்டு மேசைக்கும், சமையலறை மரத்துக்கும், விளக்கெண்ணெய் சிந்தும் பூசைப் பலகைக்கும், வெயில் மழை படும் திண்ணைச் சாமான்களுக்கும் அவலரக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். கறுப்பு வளையங்களும் வேறு விவகாரம். இரும்பும் ஈரமும் சேர்ந்து மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்து உண்டாகும் கறை அது. பூச்சில் இல்லை, மரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை மேலிருந்து துடைத்துப் போக்க முடியாது.

பலாமரத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: இழைத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாக மாறும் மரம் அது. மேசை மேல் ஒரே இடத்தில் புத்தக அடுக்கை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் அடியில் வெளிறிய சதுரம் தெரியும். அதைக் கறை என்று எண்ணித் தேய்த்துவிடாதீர்கள்; திறந்து வைத்தால் மெல்ல நிறம் சேர்ந்துவிடும்.

சாய்வு நாற்காலிக்கு மெருகிடுவதற்கு முன் மூட்டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கையும் பின்காலும் சேரும் இடத்தில் ஆட்டம். முன்பு யாரோ இரண்டு இரும்பாணிகளை அடித்து வைத்திருந்தார்கள். ஆட்டம் கண்ட மூட்டில் ஆணி அடிப்பது அந்த நேரத்துக்கு இறுகியதுபோல் தோன்றும். ஆனால் கட்டை நுனியிலுள்ள நாக்கு ஆணிக்கு அருகே பிளந்து, துருவும் சேர்ந்து, சில ஆண்டுகளில் முன்பைவிட மோசமாகிவிடும். ஆணிகளைச் சுற்றியிருந்த மரத்தைக் கெடுக்காமல் பிடுங்கவே ஒரு நாள் போயிற்று. மூட்டைப் பிரித்தபோது துளைக்குள் பழுப்பு நிறத்தில் கண்ணாடிபோல் நொறுங்கும் பசை இருந்தது. அது வச்சிரம், விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய பசை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்ததும் இளகி வந்துவிட்டது. பழைய ஆசாரிகள் வச்சிரத்தை வைத்து மூட்டியதற்கும், அரக்கை வைத்து மெருகிட்டதற்கும் காரணம் ஒன்றே என்று எனக்குப் படுகிறது: பின்னால் வருபவர் பிரித்துச் சரிசெய்ய இரண்டுமே இடம் கொடுக்கும்.

வச்சிரம் இப்போது எளிதில் கிடைக்காததால் வீட்டில் இருந்த ஃபெவிகாலையே பயன்படுத்தினேன். இறுக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. இரண்டு செய்திகளை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். உலர்ந்த வெள்ளைப் பசையின் மேல் புதிய வெள்ளைப் பசை பிடிக்காது என்பதால், பழையதை மரம் தெரியும் வரை சுரண்ட வேண்டும். தேக்கும் ஈட்டியும் எண்ணெய்ப் பசையுள்ள மரங்கள். ஒட்டுவதற்குச் சற்று முன் ஆல்கஹாலால் துடைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். கிளாம்ப் இல்லாதவர்கள் நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, ஒரு நாள் முழுவதும் அப்படியே விடலாம்; கயிறு பதியும் இடங்களில் மட்டும் பழந்துணி வைக்க வேண்டும். ஏழு மாதங்களாக என் கணவர் தினமும் அதில்தான் மாலை நாளிதழ் படிக்கிறார், ஆட்டம் இல்லை.

ஈட்டி மரத்தில் மெருகிடும்போது பொதித் துணி கருஞ்சிவப்பாக மாறினால் பதற வேண்டாம். மரத்தின் சாயமே ஆல்கஹாலில் கொஞ்சம் கரைந்து வருகிறது. அதே துணியை வேறொரு வெளிர் மரத்துக்குப் பயன்படுத்தாமல் இருந்தால் போதும். பிரம்புப் பின்னலைக் காகிதத்தால் மூடிவிடுவதும் நல்லது. அந்த நாற்காலியின் அடிச்சட்டத்தில் மட்டும், வைரம் இல்லாத வெளிறுப் பகுதியில், குண்டூசித் தலை அளவு துளைகளும் மாவு போன்ற உளுப்பும் இருந்தன. வைரம் பாய்ந்த பகுதியை அந்த வண்டு தொடவில்லை. பூச்சில்லாத அந்த அடிப்பக்கத்தில் வெண்காரக் கரைசலை இரண்டு முறை தடவி, நன்றாக உலரவிட்ட பிறகே அரக்குப் பூசினேன். இதுவரை புதிய மாவு விழவில்லை.

பாலியூரிதேனோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை நியாயமாகாது. என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அதை அடித்தார்கள். தண்ணீர், சாம்பார், சூடான பாத்திரம் எதற்கும் அசையாமல் ஐந்து ஆண்டுகள் நின்றது. அந்த வகையில் அவலரக்கு அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. சென்ற ஆண்டு ஒரு மூலையில் ஆழமான கீறல் விழுந்து, அதன் வழியே ஈரம் புகுந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தோல்போல் உரிந்துவிட்டது. இறுகிய பாலியூரிதேனைப் புதிய பூச்சு கரைப்பதில்லை. அதன் மேல் ஒட்டி நிற்கிறது, அவ்வளவே. உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் விளிம்பு தெரிகிறது. தெரியாமலிருக்க வேண்டும் என்றால் மேசை முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டும். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் மரமும் கொஞ்சம் போகிறது. பழைய சாமான்களில் செதுக்கு வேலையும் கூர்மையான விளிம்புகளும் இவ்வாறுதான் மழுங்குகின்றன. பல்லாண்டு கைபட்டு மரத்தின் மேற்பரப்பு பெற்றிருக்கும் நிறத்தை ஒருமுறை இயந்திரத்தால் எடுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர வழியில்லை. இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் நன்றாக இருக்கும் பழைய மெருகைத் தெரியாமலே சுரண்டிக்கொண்டிருக்கிறோம். பிற்பாடு பாலியூரிதேன் அடிக்கும் எண்ணம் இருந்தால், அடியில் மெழுகு நீக்கிய அரக்கை மட்டுமே பூச வேண்டும். மெழுகுள்ள அரக்கின் மேல் அது சரியாகப் பிடிக்காது.

பராமரிப்புக்கு உலர்ந்த மென்துணியும், ஆண்டுக்கொரு முறை தேன்மெழுகும் போதும். தேன்மெழுகைத் துருவி, அதன் எடைக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு டர்பெண்டைனில் ஓரிரு நாட்கள் ஊறவிட்டால் பசைபோல் குழையும். அடுப்பில் வைக்கவே வேண்டியதில்லை. நறுமணத்தோடு தெளிப்பானில் வரும் ஒரு மரப்பளபளப்பு நீர்மத்தை முன்பு வாங்கிப் பயன்படுத்தியிருந்தேன். அதிலிருந்த சிலிகோன் மரத்தின் துளைகளில் தங்கிவிட்டதால், மேசையின் ஒரு பகுதியில் அரக்கு பூசியபோது தண்ணீர்மேல் எண்ணெய்போல் விலகி விலகி மீன்கண் மாதிரிக் குழிகள் விழுந்தன. தேக்கு எண்ணெய் என்று விற்பதும் தேக்கிலிருந்து எடுக்கப்படுவதல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் போன்ற ஒன்றோடு கரைப்பான் சேர்த்த கலவை. வெளியில் கிடக்கும் தேக்கு பெஞ்சுக்கு அது சரிதான். அரக்கு மெருகின் மேல் அதைத் தடவிப் பயனில்லை.

தீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அரக்கு மாளிகைக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அரக்கு எரியும் என்பது தெரியும். அதைக் கரைத்திருக்கும் ஆல்கஹால் அதைவிட வேகமாகத் தீப்பிடிக்கும். ஜன்னல்களைத் திறந்துவைத்து, பூசை விளக்கையும் அடுப்பையும் அணைத்துவிட்டே வேலை செய்ய வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது; அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகி, சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்தோ, கொடியில் தனித்தனியாக விரித்து உலர்த்தியோதான் எறிய வேண்டும். உலர்ந்து முடிந்த அரக்கு மட்டும் தீங்கில்லாதது. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேற்பூச்சாகப் போடும் பொருள் என்பதால், தொட்டிலுக்கும் மரப்பாச்சிக்கும் அதைத் தயங்காமல் பூசலாம்.

வாங்குபவர்களுக்கு என் கணக்கு இது. ஆளுயர அலமாரி ஒன்றின் பழைய மெருகைப் புதுப்பிக்க 200 கிராம் ஆரஞ்சு அவலரக்கு போதும். வெறும் மரத்தில் தொடங்குவதானால் இதைப்போல் இரு மடங்கு. பாலிஷ்காரருக்குக் கொடுக்கும் கூலியோடு ஒப்பிட்டால் பொருளுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆனால் ஒன்பது நாள் உழைப்பு நம்முடையது. அலமாரிக்கும் நாற்காலிக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், எழுதுமேசைக்கு மூன்றரை. அடுத்ததாக, சமையலறைப் பரணில் கிடந்த மாமியாரின் மரத்தொட்டிலை இறக்கி வைத்திருக்கிறோம். ஆவணியில் பிறக்கவிருக்கும் குழந்தைக்காக நேற்று இரவு 60 கிராம் வெளிர் அவலரக்கை அரை லிட்டரில் ஊறப்போட்டுத் தேதியை எழுதி ஒட்டினேன்; காலையில் பார்த்தபோது அடியில் ஒன்றும் தங்காமல் முழுவதும் கரைந்திருந்தது.